கவசப்பேசி: தலைக்கவசத்துக்குள் பொருத்தும் பேச்சுக் கருவிக்கு ஒரு சொல்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் தலைக்கவசத்துக்குள் பொருத்திக்கொள்ளும் கம்பியில்லாப் பேச்சுக் கருவியைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்று, அதை வாங்குவோருக்கான வழிகாட்டி ஒன்றைத் தமிழில் எழுதிவரும் நண்பர் சென்ற வாரம் கேட்டிருந்தார். மறுமொழிகளில் ‘ஊடலைத் தலையணி’, ‘கம்பியில்லாச் செவிப்பொறி’, ‘தலைக்கவச இன்டர்காம்’ ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கு ஆண்டுகளாக இக்கருவியை நாள்தோறும் பயன்படுத்திவருபவன் என்ற முறையில் எனக்கு இம்மூன்றிலும் தயக்கம் உண்டு. ‘கவசப்பேசி’ என்ற சொல்லைக் குழுமத்தின் முன் வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும்.

பெயர் வைக்கும் முன் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. பெட்டியில் மூன்று உறுப்புகள் இருக்கும். முதலாவது, பொத்தான்கள் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதி. இது கவசத்தின் வெளிவிளிம்பில் கவ்வியாலோ ஒட்டுத்தகட்டாலோ அமரும். பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் இதைப் பொருத்துகிறார்கள், ஏனெனில் வலக்கை ஆக்சிலரேட்டரை விட்டு வர முடியாது. இரண்டாவது, ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு மெல்லிய ஒலிவட்டுகள் (ஸ்பீக்கர்கள்). மூன்றாவது ஒலிவாங்கி, இது முகத்தை முழுதும் மூடும் கவசத்துக்குத் தாடைப் பகுதியில் ஒட்டும் சிறு பொட்டாகவும், முகம் திறந்த கவசத்துக்கு வாய்வரை நீளும் தண்டாகவும் வருகிறது. இவற்றைப் பதித்து முடித்தபின் ஓட்டுநரின் உடம்பில் தனியாக மாட்டிக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. பெட்ரோல் நிலையத்தில் கழற்றித் தொட்டியின்மேல் வைத்த கவசத்துக்குள்ளிருந்து உடன்வந்த நண்பரின் குரல் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பயணம் செய்தவர்கள் அறிவார்கள். கருவி கவசத்தோடு வருகிறது, கவசத்தோடு போகிறது. பெயரும் அந்த இடத்திலிருந்து பிறக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இனி ‘ஊடலைத் தலையணி’. புளூடூத்துக்கு ‘ஊடலை’ என்பது புலனம் (வாட்ஸ்அப்), அருகலை (வைஃபை), வலையொளி (யூடியூப்) போன்றவற்றோடு சேர்ந்து சில ஆண்டுகளாகச் சுற்றிவரும் சொல். புளூடூத் என்ற பெயருக்கு மூலமான, பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசரின் பட்டப்பெயரை ‘நீலப்பல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்ததைவிட இது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தொடரில் இட்டுப் பார்த்தால் இடர் தெரிகிறது. ‘ஊடலை நிறுத்தவும்’ என்று கையேட்டில் எழுதினால், தமிழ் படித்த எவரும் ஊடல் என்ற பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்ததாகவே முதலில் வாசிப்பார். ‘ஊடலைத்’ என்று வல்லினம் மிகுந்து நிற்பது அந்தத் தவறான வாசிப்புக்கே துணைபோகிறது. ‘தலையணி’ என்பதோ பரதநாட்டியக் கலைஞர் சூடும் அணிகலனுக்கு ஏற்கெனவே உரிய சொல்; ஓர் எழுத்து பிசகினால் தலையணையாகிவிடும்.

இவற்றைக் காட்டிலும் பெரிய மறுப்பு ஒன்று உண்டு. குரலைக் கொண்டுசெல்லும் அலைவழியின் (இங்கே புளூடூத்) பெயரைக் கருவியின் பெயருக்குள் வைத்தால், அலைவழி மாறும் நாளில் பெயர் பொய்யாகிவிடும். இது வருங்காலத்தைப் பற்றிய ஐயம் அன்று, ஏற்கெனவே நடந்துவிட்டது. இக்கருவிகளைத் தயாரிக்கும் கார்டோ நிறுவனம் 2015-இல் பேக்டாக் என்ற கருவியில் ஓட்டுநர்களுக்கிடையேயான பேச்சைப் புளூடூத்திலிருந்து பிரித்து வேறொரு முறைக்கு மாற்றியது. இன்னொரு தயாரிப்பாளரான சேனா நிறுவனமும் பின்னர் அதே வகையான முறைக்கு வந்தது. இவ்வகைக் கருவிகளில் புளூடூத் இன்னும் இருக்கிறது. ஆனால் அது கைப்பேசியோடும் வழி சொல்லும் வரைபடச் செயலியோடும் பேசுவதற்கே முதன்மையாகப் பயன்படுகிறது. ஓட்டுநரும் ஓட்டுநரும் பேசுவது வேறு வழியில்.

இந்த வேறுபாட்டை நண்பர் எழுதும் வழிகாட்டி தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான் என்பதால், என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை ஏறினோம். நால்வரிடமும் புளூடூத் முறையில் மட்டும் பேசும் கருவிகள். முதலாமவர் இரண்டாமவரோடும், இரண்டாமவர் என்னோடும், நான் நான்காமவரோடும் இணைந்திருந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பாதி மலையில் ஒரு பேருந்துக்கு வழிவிட்டு நான் ஓரங்கட்டி நின்றேன். முன்னால் சென்ற இருவரும் அடுத்த வளைவில் மறைந்தார்கள். பாறை குறுக்கிட்டதும் எனக்கும் இரண்டாமவருக்கும் இடையிலான இணைப்பு அறுந்தது. மேலேயிருந்து லாரி ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு இறங்குகிறது என்று முதலாமவர் சொன்ன எச்சரிக்கை என்னை மட்டுமல்லாமல், எனக்குப் பின்னால் பத்தடியில் நின்ற நான்காமவரையும் அடையவில்லை. நல்வேளையாக லாரி ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

இந்த முறையைச் ‘சங்கிலி முறை’ என்று அழைக்கலாம். ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள சங்கிலி முழுவதும் கைவிட்டுப் போகிறது. பேக்டாக் போன்றவற்றில், ஒவ்வொரு கருவியும் எட்டும் தொலைவிலுள்ள மற்றக் கருவிகள் பலவற்றோடு ஒரே நேரத்தில் தொடுத்துக்கொள்கிறது; ஒருவர் விலகிப்போனால் குரல் வேறொருவர் வழியாகச் சுற்றிவருகிறது, அவர் திரும்ப வந்தால் தானே சேர்ந்துகொள்கிறது. பதினைந்து பேர்வரை இவ்வாறு ஒரே குழுவில் பேச முடியும். இதற்கு ‘வலை முறை’ என்பதே போதும். மீன்வலையில் ஒரு கண் அறுந்தாலும் வலை வலையாகவே நிற்கிறது என்பதை நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்பர் ஒருவர் இதற்குக் ‘கண்ணிப் பிணையம்’ என்று எழுதியிருந்தார். அன்புகூர்ந்து அதை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். கண்ணி என்பது சங்கிலியின் வளையத்தையும் பறவை பிடிக்கும் சுருக்கையும் குறிக்கும் சொல். வலையின் துளைக்குக் ‘கண்’ என்பதே வழக்கு. எந்த முறையின் குறையை நீக்க இது வந்ததோ, அந்த முறைக்குரிய சொல்லையே இதற்கு வைப்பது வாசகரைக் குழப்பிவிடும்.

ஒரு நிறுவனத்தின் வலை இன்னொரு நிறுவனத்தின் வலையோடு பொதுவாகச் சேர்வதில்லை என்பதையும் வழிகாட்டியில் தடித்த எழுத்தில் போட வேண்டும். உடன் பயணம் செய்பவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் வாங்கினால், விலையுயர்ந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் சங்கிலி முறைக்கே இறங்க நேரிடும். இருவருக்கிடையே 1.6 கிலோமீட்டர்வரை எட்டும் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது, தடையில்லாத திறந்த வெளியில் கிடைக்கும் உச்ச அளவு. மலைப்பாதைக்கு அது பொருந்தாது.

‘கம்பியில்லாச் செவிப்பொறி’க்கு வருகிறேன். கம்பியில்லா என்ற அடைமொழி இங்கே எதையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. ஓடும் இரண்டு வண்டிகளைக் கம்பியால் இணைக்க எவரும் எண்ணப்போவதில்லை. மேலும், கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து ஒலிவட்டுகளுக்கும் ஒலிவாங்கிக்கும் மெல்லிய கம்பிகள் கவசத்தின் திண்டுக்கு அடியில் ஓடத்தான் செய்கின்றன. ‘செவிப்பொறி’ என்பது கேட்பதை மட்டும் சொல்கிறது. இக்கருவியின் உயிரோ ஒலிவாங்கியில் இருக்கிறது. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் எழும் காற்றிரைச்சலிலிருந்து பேசுபவரின் குரலைப் பிரித்தெடுப்பதில்தான் நல்ல கருவியும் மட்டமான கருவியும் வேறுபடுகின்றன.

செவி என்ற சொல்லால் விளையக்கூடிய தீங்கும் ஒன்று உண்டு. பெயரில் செவி இருந்தால், இது காதுக்குள் செருகிக்கொள்ளும் பொருள் என்று புதியவர் எண்ணிவிடுவார். பிரான்சில் 2015 ஜூலை முதல், வண்டி ஓட்டும்போது காதில் செருகும் ஒலிக்கருவிகளுக்குத் தடை இருக்கிறது. தலைக்கவசத்துக்குள் பதித்த கருவிகளுக்கு அத்தடை இல்லை. சட்டமே இவ்விரண்டையும் வெவ்வேறு பொருள்களாகக் காணும்போது, நம் சொல் அவற்றைக் கலந்துவிடக் கூடாது. காதுக்குள் செருகியது ஆம்புலன்சின் சங்கொலியையும் அடைத்துவிடும். கவசத்தின் காதுக்குழியில் பதிந்த வட்டு, காதுத்துளையை அடைக்காமல் சற்று விலகி நிற்கிறது.

அந்தக் காதுக்குழியைப் பற்றி ஒரு சொல். முதல் முறை நானே பொருத்தியபோது, வட்டுகளைத் திண்டின்மேல் தோராயமாக ஒட்டிவிட்டேன். நகருக்குள் நன்றாகக் கேட்டது. நெடுஞ்சாலையில் ஏறியதும் எதுவும் கேட்கவில்லை. கருவியே சரியில்லை என்று முடிவுகட்டி இரண்டு மாதம் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். பிறகு ஒரு நாள் கன்னத்திண்டைக் கழற்றி, கவசத்தை அணிந்து, காது எங்கே படுகிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். வட்டு காதுக்கு ஒரு விரற்கடை பின்னால் இருந்தது. அதைப் பெயர்த்துக் காதுக்குழியின் நடுவே ஒட்டியதும், அதே கருவி அதே சாலையில் தெளிவாகப் பேசியது. வழிகாட்டியில் விலைப்பட்டியலைக் குறைத்துக்கொண்டாவது இந்த ஒரு செய்தியைப் படத்தோடு வெளியிட வேண்டுகிறேன். கவசத்தில் காதுக்குழி இருக்கிறதா என்று பார்க்காமல் கருவி வாங்கக் கூடாது. எந்த நிலையிலும் கவசத்தின் வெளி ஓட்டில் துளையிடக் கூடாது, தலைக்கவசங்களுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 சோதனையில் தேறியது துளையில்லாத ஓடு.

‘தலைக்கவச இன்டர்காம்’ என்பதை நான் இகழவில்லை. கடைக்காரரும் பயணக்குழுக்களும் இன்று வழங்கும் சொல் இதுதான். ‘ஹெல்மெட் புளூடூத்’ என்று சொல்வோரும் உண்டு. ஆனால் இன்டர்காம் என்றதும் பலருக்கு நினைவு வருவது அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி பேசும் பெட்டிதான். அதோடு, தொலைபேசி அழைப்பும் வழி சொல்லும் செயலியின் குரலும் இக்கருவியின் வேலைகளாயிருக்க, அவற்றை அச்சொல் விட்டுவிடுகிறது.

எனவேதான் ‘கவசப்பேசி’. கவசம், பேசி என்ற இரண்டும் சேரும்போது மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும். மரப்பெட்டி, பணப்பை போன்ற எளிய புணர்ச்சி. தொலைபேசி, கைப்பேசி, திறன்பேசி ஆகியவற்றால் ‘பேசி’ என்ற ஈறு பேசுவதற்கான கருவி என்ற பொருளில் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. இது தானே ஒரு தொலைபேசி அன்றே என்று ஒருவர் கேட்கலாம். பேசு என்ற வினையோடு இகரம் சேர்ந்த அச்சொல்லுக்குச் சிம் அட்டை வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. இருவர் தொலைவிலிருந்து பேச உதவுவது எதுவும் பேசிதான். இன்னொரு பொருத்தமும் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. கையில் இருப்பது கைப்பேசி, கவசத்தில் இருப்பது கவசப்பேசி என்று இரு சொற்களும் பக்கத்தில் நிற்கும்போது, அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிகிறது. இதைக் கொண்டு, பைபாஸில் போய்க்கொண்டே அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். கை கட்டில்லாமல் இருந்தாலும் மனம் சாலையில் இருக்க வேண்டும்.

கவசம் என்றால் 2020-க்குப் பிறகு முகக்கவசமும் நினைவுக்கு வருமே என்ற ஐயம் எனக்கே எழுந்தது. கட்டுரையில் முதன்முறை ‘தலைக்கவசப் பேசி’ என்று முழுதாக எழுதி, அதன்பின் ‘கவசப்பேசி’ என்று சுருக்கினால் குழப்பம் நேராது. கவசம் வடசொல் ஆயிற்றே என்போருக்கு: தலைக்கவசம் என்ற சொல் போக்குவரத்துக் காவல் பலகையிலிருந்து பள்ளிப் பாடம்வரை ஊன்றிவிட்டது, அதைப் பெயர்த்தெடுத்து இன்னொன்றை நடுவது இந்த இழையின் வேலை அன்று.

உறுப்புகளின் பெயர்களில் பெரிய சிக்கல் இல்லை. ஒட்டும் ஒலிவாங்கியைப் ‘பொட்டு ஒலிவாங்கி’ என்றும், நீளும் ஒலிவாங்கியைக் ‘காம்பு ஒலிவாங்கி’ என்றும் எழுதலாம். ஒலிவட்டுக்கு ‘ஒலிப்பான்’ என்று ஒருவர் சொன்னது மட்டும் வேண்டாம். சாலையில் அது ஹாரனைக் குறிக்கும் சொல். ‘காதுவில்லை’ என்றால் வடிவமும் இடமும் விளங்கும்.

எனக்கு முடிவு தெரியாமல் நிற்பது ஒரு சொல்தான். இரண்டு கருவிகளை முதன்முறை அறிமுகப்படுத்திவைக்கும் செயலை ‘இணைத்தல்’ என்று நான் எழுதிவருகிறேன். ஆனால் முன்பே அறிமுகமான கருவிகள் நாள்தோறும் மீண்டும் தொடர்புகொள்வதற்கும் அதே சொல் தேவைப்படுகிறது. கையேட்டில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வருவதால், ‘முதலில் இணைக்கவும், பின்னர் இணைக்கவும்’ என்று எழுதும் நிலை ஏற்படுகிறது. முதலாவதற்குச் ‘சோடி சேர்த்தல்’ பொருந்துமா, வலை முறையில் பதினைந்து கருவிகளுக்கு அச்சொல் எப்படி நிற்கும் என்று நண்பர்கள் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளை உந்துருளி என்று எழுதும் இலங்கை நண்பர்கள், இச்செயலுக்கு அங்கே என்ன சொல் வழங்குகிறது என்றும் தெரிவித்தால் உதவியாயிருக்கும்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்