பொம் நாய்க்கு வாய் நாத்தம், கண்ணுக்குக் கீழ வீக்கம்

கோத்தகிரி வாசி:
எங்க பொமரேனியனுக்கு ஒம்பது வயசுங்க, கொஞ்ச நாளா பிஸ்கட்ட ஒரு பக்கமாவே மெல்லுது, வாய் நாத்தம் தாங்கல, கடவாப்பல்லு மேல பழுப்பா கல்லு மாதிரி படிஞ்சிருக்கு, இன்னிக்கு கண்ணுக்குக் கீழ வேற லேசா வீங்கிருக்கு. சொத்தையா? நம்ம பேஸ்ட் போட்டு தேய்க்கலாமா?

குன்னூர் டீக்காரன்:
நம்ம பேஸ்ட் வேண்டவே வேண்டாங்க, சிலதுல சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம். நாய்க்கு சொத்தை வர்றது கம்மி, காரை படிஞ்சு ஈறு கெடுறதுதான் ஜாஸ்தி, அதுவும் இத்தனூண்டு வாய்ல 42 பல்லு நெருக்கிட்டு நின்னா கேக்கணுமா. அந்த வீக்கம் மேல்பல்லு வேர்ல சீழா இருக்கலாம், சீக்கிரம் காட்டுங்க.

ஊட்டி குளிரு:
மயக்கம் குடுத்துதான் க்ளீன் பண்ணணும், வயசான நாய்ங்கறதால முன்னாடியே ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. வேர் போயிருந்தா பல்ல எடுத்துடுவாங்க, பயப்படாதீங்க, பல்லு இல்லாமலும் நல்லா சாப்பிடும். மயக்கம் இல்லாம சுரண்டித் தர்றேன்னா ஒத்துக்காதீங்க, ஈறுக்கு அடியில இருக்கறது அப்படியே நிக்கும். பல்லு எக்ஸ்ரேக்கு கோயம்புத்தூர் இறங்கச் சொன்னா வயிறு முட்ட சோறு போட்டு கூட்டிட்டுப் போகாதீங்க, மலைப்பாதை வளைவுலயே கக்கிடும்.

கோத்தகிரி வாசி:
நாளைக்கே காட்டுறேங்க. அதுவரை வலிக்கு நம்ம மாத்திரை பாதி?

குன்னூர் டீக்காரன்:
ஐயோ வேண்டாம், பாராசிட்டமால், புரூஃபென் எதுவுமே. சோறு குழைச்சு வைங்க போதும்.