ட்றவுட் மீன்பிடி சீசன் திறந்தும் ஆற்றுக்குப் போக முடியவில்லை. இந்த மழைக் கிழமைகளை எப்படிக் கடத்துகிறீர்கள்?

ஸ்காபரோ தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். கிழமை நாட்களில் எனக்கு வெயர்ஹவுஸ் வேலை. சனிக்கிழமை மட்டும்தான் எனக்கென்று இருக்கிறது. வின்ரர் முழுக்க ஏப்ரல் நாலாவது சனியை நினைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். சீசன் திறந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அன்று தொடங்கி மழை, இல்லையென்றால் மழையோடு சேர்ந்த ஸ்னோ, அதுவும் இல்லையென்றால் ஏரிப் பக்கமிருந்து கிழக்குக் காற்று. போர்ட் ஹோப் பக்கத்துக் கனராஸ்கா ஆறு கரையை முட்டிக்கொண்டு சேறாக ஓடுகிறது என்று போய்வந்த ஒருவர் சொன்னார்.

நாங்கள் இருப்பது பேஸ்மென்ற் வீடு. தண்ணீருக்குள் இறங்கி நிற்கப் போடுகிற வேடர்ஸ் உடுப்பு, புதிதாக வாங்கியது, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வேலையால் வந்து அதைப் பார்க்கிற நேரமெல்லாம் மனம் அந்தரப்படுகிறது. மகளுக்குப் பத்து வயது. இந்த முறை தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எந்த வானிலைக்குத் துணிந்து போகலாம், எதற்குப் போகவே கூடாது? போக முடியாத நாளில் வீட்டுக்குள் இருந்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வில்மட் கரை:

சும்மா மழை என்றால் போங்கள் சகோ. வானம் மூடியிருக்கிற நாளில்தான் றெயின்போ ட்றவுட் பயமில்லாமல் மேலே ஏறும். உள்ளுக்குக் கம்பளி, வெளியில் நல்ல மழைக்கோட், மாற்றுக் கையுறை ஒரு சோடி. இவ்வளவும் இருந்தால் ஐந்து பாகைக் குளிரைத் தாங்கலாம். பருத்தி உடுப்பு மட்டும் வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரை திரும்ப இறங்க வேண்டாம். பெருங்காற்றுக்கும் போகக் கூடாது. 2022 மே 21ஆம் திகதி நினைவிருக்கிறதா? விக்டோரியா தின நீண்ட வார இறுதிச் சனிக்கிழமை அது. தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்கறுத்துப் போன அந்தப் புயலில் மரம் விழுந்தே பலர் செத்தார்கள். ஆற்றங்கரையில் நமக்கு மேலே நிற்பதெல்லாம் மரம்தான்.

மயிலிட்டியான்:

தம்பி, நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவன். வாடைக்காற்று இறுகினால் எங்கள் ஊரில் வள்ளங்கள் கரையேறிவிடும். அதற்காக ஒருவரும் வீட்டுக்குள் குந்தியிருக்கிறதில்லை. வாடிக்குள், அதாவது கரைக் கொட்டிலுக்குள் இருந்து வலை பொத்துவார்கள். அப்பா ஊசியும் நூலுமாக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். அறுந்த கண் எது, இளகின கண் எது என்று விரலாலேயே தேடிக் கண்டுபிடிப்பார். காற்று விழுந்த அன்று விடியற்காலையில் வலை தயாராக இருக்கிறவன் தொழிலுக்குப் போவான், மற்றவன் கரையில் நின்று பொத்துவான். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். ஏப்ரல் மழை எனக்குக் கைவேலைக் காலம்.

நீங்கள் சொன்ன கிழக்குக் காற்றை நாங்கள் கொண்டல் என்போம். இங்கே ரொறன்ரோவில் அது ஒன்ராறியோ ஏரியைத் தடவிக்கொண்டு வருகிறது. ஏப்ரலில் ஏரித் தண்ணீர் நாலைந்து பாகைதான் இருக்கும். அதனால் கரையோரம், உள்ளே இருக்கிற ஊர்களைவிடச் சரியான குளிர். காற்று கிழக்கென்றால் ஏரிக்கரைப் பாலங்களையும் ஆற்று வாயையும் விட்டுவிட்டு, மேலே பள்ளத்தாக்குக்குள் போனால் நின்று பிடிக்கலாம்.

இனி வீட்டு வேலை. எனக்குப் பிடித்தது தூண்டிலில் இரையாகப் போடுகிற முட்டைப் பொட்டலம் கட்டுவது. கடையில் றோ பாக் என்று கேட்டால் தெரியும். மூன்று அங்குலச் சதுரமாக வெட்டின மெல்லிய வலைத்துணி, இழுபடுகிற நூல், மீன் முட்டை. இவ்வளவும் போதும். முட்டையை முதலில் கடதாசியில் பரப்பி ஈரம் ஒற்ற வேண்டும். பிறகு போராக்ஸ் தூள் தூவி உருட்டினால் தோல் இறுகி, தண்ணீரில் சீக்கிரம் வெடிக்காது. துணியின் நடுவில் ஐந்தாறு முட்டை வைத்து, நாலு மூலையையும் சேர்த்து முறுக்கி, நூலை இழுத்துப் பிடித்துக் கழுத்தில் சுற்றுங்கள். முடிச்சே வேண்டாம். ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்து அறுத்தால் நூல் தன்பாட்டில் இறுகிக்கொள்ளும். மிச்சத் துணியைக் கழுத்தோடு ஒட்ட வெட்டிவிடுங்கள், வால்போல் நீட்டிக்கொண்டிருந்தால் மீன் சந்தேகப்படும்.

தெளிந்த தண்ணீருக்குச் சின்னி விரல் நகமளவு, வெளிறின நிறம். கலங்கலுக்கு இருபத்தைந்து சதக் காசளவு, கண்ணைப் பறிக்கிற இளஞ்சிவப்பு. இரண்டு வகையும் கட்டி, தனித்தனிப் பெட்டியில் போட்டு ஃபிறீசரில் வையுங்கள். மேலே கொட்டை எழுத்தில் பெயர் எழுதிவிடுங்கள், வீட்டில் சமாதானம் நிலைக்கும். மகள் நூல் சுற்றட்டும், சின்ன விரலுக்கு வடிவாக வரும். போராக்ஸை மட்டும் நீங்களே கையாளுங்கள். சமையல் பாத்திரம் எதிலும் அது படக் கூடாது.

அடுத்தது தூண்டில் நரம்பு. றீலில் இருந்து முதல் பத்து மீற்றரை இழுத்து, இரண்டு விரலுக்கிடையில் ஓட விடுங்கள். நகத்தில் சொரசொரப்பாகத் தட்டுப்படுகிற இடத்தில் வெட்டுங்கள். போன வருடத்துத் தங்கூசி நரம்பு சுருள் சுருளாக விழுந்தால் முழுதாக மாற்றுங்கள். ஐந்தாறு கிலோ மீன் ஓடுகிறபோது முதலில் அறுவது அந்தச் சுருளும் காயமும்தான்.

வேடர்ஸ் புதிது என்றாலும் சோதித்துப் பாருங்கள். மூச்சுவிடுகிற வகைத் துணி என்றால் உட்புறத்தை வெளியே புரட்டி, மருந்துக்கடை அற்ககோலைத் தெளியுங்கள். ஓட்டை இருக்கிற இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். வேலை முடிந்து காயும்வரை அடுப்பு, சிகரெட் ஒன்றும் பக்கத்தில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்புறம் அந்த இடுப்புப் பட்டி. பலர் அதைக் கராஜிலேயே போட்டுவிட்டு வருகிறார்கள், எனக்கு அதைக் கண்டால் கோபம் வரும். சறுக்கி விழுந்தால் வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறையாமல் தடுக்கிறது அந்தப் பட்டிதான்.

குளிர்ந்த நீரைப் பற்றி மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் சொல்லித் தந்த கணக்கு ஒன்று இருக்கிறது: 1, 10, 1. விழுந்ததும் மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்கிற நேரம் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இதைக் கேட்டு ஆற்றுக்குப் பயப்பட வேண்டாம், முழங்காலுக்கு மேலே வேகமாக ஓடுகிற கலங்கல் தண்ணீருக்குப் பயப்படுங்கள். அதில் அடி தெரியாது. மகள் கூட வருகிற நாளில் நீங்களும் கரையிலேயே நில்லுங்கள்.

மார்க்கம் மீன்காரி:

அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மழை நிற்கிறதா என்று ஜன்னலைப் பார்க்காதீர்கள், ஆற்றின் அளவைப் பாருங்கள். கனேடிய அரசின் நீரளவு இணையப்பக்கத்தில் பல ஆறுகளின் மட்டம் கோடாக வரும். மழை பெய்ததும் கோடு செங்குத்தாக ஏறும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஏறுகிற நேரம் போவது வீண். இறங்கிக்கொண்டிருக்கிறபோது, தண்ணீர் சேற்று நிறம் விட்டுப் பச்சையாகி இரண்டு அடி ஆழம் தெரியத் தொடங்கும் பாருங்கள், அந்த நேரத்துக்காகத்தான் நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். சின்னக் கிளையாறுகள் முதலில் தெளியும், பெரியவை பிந்தும்.

எல்லா ஆறும் ஒன்று இல்லை. ரூஜ், ஹைலண்ட் கிறீக் மாதிரி நகரத்துக்குள் ஓடுகிறவற்றில் தாரும் கொங்கிறீற்றும் விழுந்த மழையை அப்படியே ஆற்றுக்குள் தள்ளிவிடும், ஒரே மழையில் பொங்கும். கனராஸ்காவின் தலைப்பகுதி ஓக் றிட்ஜஸ் மொறெயின் மணல்மேடு, அதன் மேல் 1940களில் தொடங்கி நட்டு வளர்த்த காடு. மழையின் ஒரு பங்கை மணல் உறிஞ்சி ஊற்றாக விடுகிறது. அப்படி இருந்தும் 1980 மார்ச் 21இல் அதே ஆறு போர்ட் ஹோப் நகரின் நடுவீதியை மூழ்கடித்தது. ஆகவே ஆற்றுப் பாதுகாப்புச் சபை வெள்ள எச்சரிக்கை போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் காரை எடுக்க மாட்டேன்.

மகளுக்காக ஒரு யோசனை. தூண்டில் இல்லாமலே போர்ட் ஹோப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோபெற் அணையடியில் மீன்கள் ஏறுவதற்குப் படி கட்டியிருக்கிறார்கள். வசந்தத்தில் றெயின்போ அணையை நோக்கித் துள்ளுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். என் பெடியன் முதல் தடவை பார்த்தபோது ஒன்று கொங்கிறீற்றில் மோதி விழுந்து, திரும்ப அதே இடத்தில் துள்ளியது. "அம்மா, அதுக்கு நோகாதா?" என்று கேட்டான். அன்றைக்கு நல்ல தூறல். குடைக்குள் நின்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தோம், வரமாட்டேன் என்று அவன் அழுதான்.

அன்னையர் தின வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் ஒன்ராறியோவில் லைசன்ஸ் இல்லாமல் மீன்பிடிக்கலாம். உங்கள் மனைவியையும் கேட்டுப் பாருங்கள்.

ஸ்காபரோ தூண்டில்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. மயிலிட்டி அண்ணை, என்னிடம் மீன் முட்டை இல்லை, இப்போதைக்கு என்ன செய்யலாம்? மகள் நூல் சுற்ற இப்போதே மேசையைத் துடைத்து வைத்துவிட்டாள். அக்கா, இந்தச் சனி போர்ட் ஹோப் போகிறோம்.

மயிலிட்டியான்:

கடையில் பதப்படுத்தின முட்டை போத்தலில் விற்கிறார்கள், தொடக்கத்துக்கு அது போதும். துணியோடு சின்ன வெள்ளை மிதப்பு மணிகளும் ஒரு பக்கற் வாங்குங்கள். பொட்டலத்துக்குள் ஒன்றிரண்டு போட்டால் அடியில் கிடக்காமல் மிதந்து போகும். மீன்பிடி லைசன்ஸுக்கு வேண்டிய அவுட்டோர்ஸ் காட் மூன்று வருடத்துக்குத்தான், காலாவதித் திகதியை இன்றிரவே பாருங்கள். இப்போது பகல் நீண்டுவிட்டது. ஆற்று மட்டக் கோடு இறங்கினால் சனி வரும்வரை காத்திருக்க வேண்டாம், வேலை முடிந்த பின்னேரமே ஒரு கிளையாற்றுக்குப் போகலாம். துணை வேண்டுமென்றால் எழுதுங்கள், நான் ஓய்வெடுத்த ஆள், வருகிறேன்.