ஹவுஸ் சர்ஜன் லாக்புக்கில் சிஸ்டர் கையெழுத்து போட்டால் என்ன?

மின்ட்_நைட்டூட்டி: வடசென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் 14 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். போன மாதம் நைட்டில் நடந்தது இது. பொட்டாசியம் குறைந்துபோன ஒரு பெரியவருக்கு ஹவுஸ் சர்ஜன் தம்பி (எம்.பி.பி.எஸ். பாடம் முடித்து இன்டர்ன்ஷிப் பயிற்சியில் இருப்பவர்) கேஸ் ஷீட்டில் 'கே.சி.எல். 2 ஆம்ப்யூல் ஐ.வி.', அதாவது பொட்டாசியம் குளோரைடு நரம்பில் போடவும் என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். எதில் கலப்பது, எத்தனை மணி நேரம் ஏற்றுவது, ஒன்றும் கிடையாது. கலக்காமல் நேரே நரம்பில் தள்ளினால் இதயமே நின்றுவிடும், அதனால் போட மாட்டேன் என்றேன். "எழுதினதைப் போடுங்க சிஸ்டர்" என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே சத்தம். மேல்படிப்பு படிக்கும் டாக்டரை, பி.ஜி.யைக் கூப்பிட்டேன், அவர் வந்து அரை லிட்டர் சலைனில் கலந்து மெதுவாக ஏற்றும்படி திருத்தி எழுதினார். காலை ரவுண்ட்ஸில் அதைப் பற்றி மூச்சு இல்லை. நரம்பில் வென்ஃபிளான் ஊசிக்குழாய் போடுவதிலிருந்து சிறுநீர்க் கதீட்டர் வரை இவர்களுக்குக் கை பழக்கிவிடுவது பாதி நாங்கள்தானே. பயிற்சியில் என்னென்ன செய்தார்கள் என்று பெரிய டாக்டர்கள் கையெழுத்து போடும் அவர்கள் லாக்புக்கில் வார்டு சிஸ்டரும் கையெழுத்து போடட்டுமே?

சி.ஆர்.ஆர்.ஐ_தூக்கம்: ஆர்டர் தப்புதான், அதில் பேச்சில்லை. ஆனால் அந்தப் பையன் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தான் என்று யாராவது கேட்டீர்களா? ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவதும், ஆள் இல்லாவிட்டால் ட்ராலி தள்ளுவதும் அவன்தான். ஏற்கனவே கையெழுத்துக்காக யூனிட் யூனிட்டாக அலைகிறோம், இதில் இன்னொரு கையெழுத்தா? ஒரு சிஸ்டருக்கு என்னைப் பிடிக்காவிட்டால் நான் பயிற்சி முடித்ததற்கான கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் அவர் கையில். நாளைக்குக் கேஸ் வந்தால் எழுதியவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

மின்ட்_நைட்டூட்டி: போட்ட கையையும் கேட்பார்கள் தம்பி. எழுதியவருக்கு மட்டும்தான் கேஸ் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

ரிட்டயர்டு_ராயபுரம்: நான் டாக்டர், ஓய்வு பெற்றவன். எங்கள் ஏரியாவின் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938-ல்தான் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது, அதற்கு முன்னால் அங்கே எல்.எம்.பி. என்ற குறுகிய படிப்பு இருந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எல்.எம்.பி.க்காரர்களை அரை டாக்டர் மாதிரிதான் பார்த்தார்கள். 1946-ல் அரசு அமைத்த போர் (Bhore) கமிட்டி ஒரே தர டாக்டர் போதும் என்று சொல்லி அந்தச் சண்டைக்கு முடிவு கட்டியது. இப்போது 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 32-ம் பிரிவில் டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட லைசென்ஸ் என்று மறுபடியும் ஒரு நடு வரிசைக்கு வழி வைத்திருக்கிறார்கள். இன்று கையெழுத்து என்பீர்கள், நாளைக்கு மருந்துச் சீட்டு. எங்கள் காலத்தில் ஹெட் சிஸ்டர் வந்தால் ஹவுஸ் சர்ஜன் எழுந்து நிற்பான், அதற்கு லாக்புக் தேவைப்படவில்லை.

மின்ட்_நைட்டூட்டி: ஐயா, நான் மருந்து எழுதக் கேட்கவே இல்லையே, எழுதியதைப் படிக்கத்தான் கேட்கிறேன். எழுந்து நின்ற காலம் போய்விட்டது, அதனால்தான் தாளில் கேட்கிறேன். 2021 இன்டர்ன்ஷிப் விதிமுறையில் 12 மாதத்தையும் பங்கு போட்டிருக்கிறார்கள்: கம்யூனிட்டி மெடிசினுக்கு 12 வாரம், கேஷுவாலிட்டிக்கு 2 வாரம். மருந்தை எப்படிக் கலப்பது, எப்படி ஏற்றுவது என்று எங்களோடு நின்று பழக ஒரே ஒரு வாரம் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

பிசியோ_எண்ணூர்: நடுவில் ஒரு வார்த்தை. பிசியோதெரபிஸ்டுகள் எங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக்கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசிலிருந்து கடிதம் வந்து, அடுத்த நாளே வாபஸ் ஆனது. அந்த ரெண்டு நாளில் நாங்கள் வாங்கிய கேலியை...

சி.ஆர்.ஆர்.ஐ_தூக்கம்: அதற்குத் தனியாக ஒரு இழை ஆரம்பிங்க சார், ப்ளீஸ்.

தண்டையார்பேட்டை_வாசி: எங்க அம்மா மூணு வாரம் அட்மிட் ஆகியிருந்தாங்க. யார் பெரியவர்னு எங்களுக்குத் தெரியாது, ராத்திரி கூப்பிட்டா யார் வருவாங்கன்னுதான் தெரியும். நீங்க ரெண்டு பேரும் எங்க முன்னாடி சத்தம் போட்டா நாங்க யாரை நம்புறது?

சி.ஆர்.ஆர்.ஐ_தூக்கம்: முன்னால் வைத்துச் சத்தம் போட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்துக்கு மட்டும் இப்பவும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்குப் பதில் கே.சி.எல். எப்படிக் கலப்பது என்று வார்டில் ஒரு அட்டை ஒட்டிவிடுங்களேன் அக்கா, சண்டையே வராது.

மின்ட்_நைட்டூட்டி: ஒட்டியிருக்கிறது தம்பி. மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம். அதைத் திறப்பது நாங்கள் மட்டும்தான்.