பொருள்: இலகு ரயில் – எடையை விடுத்துத் தடத்தைப் பார்ப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

'light rail' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற நம் மடல் இழையில், 'light' என்பதை எடையாகக் கொண்டு 'மென்தொடரி', 'எடைகுறை தொடரி' என்று வந்த இரண்டு பரிந்துரைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1972-இல் அமெரிக்காவில் அந்த ஆங்கிலப் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது பெட்டியின் எடை பேச்சாக இல்லை. கனரக ரயிலைவிடக் குறைந்த பயணிகள், குறைந்த கட்டுமானம் என்பதே கருத்து. கொழும்பிலும் மலேசியாவிலும் 'இலகு ரயில்' என்ற சொல் வேரூன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டாம்.

உண்மையான குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. கோலாலம்பூரின் இரண்டு இலகு ரயில் தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாங் தடம் 1996 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. பழைய மீட்டர்கேஜ் ரயில்பாதை கிடந்த நிலத்தையே பெரும்பாலும் பயன்படுத்தி, 1435 மி.மீ. அகலத்தில் புதுத் தண்டவாளம் போட்டார்கள். 1998-இல் வந்த கிளானா ஜெயா தடத்தில் ஓட்டுநரே கிடையாது. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் முன்னது மேலே நிற்கும், பின்னது நிலத்தடியில் ஓடும். இரண்டும் எங்கேயும் கார்களோடு சாலையைப் பகிர்வதில்லை. குறுக்கே எதுவும் வராது என்ற உறுதி இருப்பதால்தான் ஓட்டுநர் இல்லாமல் இயக்க முடிகிறது.

மான்செஸ்டரில் 1992-இல் தொடங்கியதும் இலகு ரயில்தான். புறநகரில் பழைய ரயில்பாதையில் விரையும் அதே வண்டி, நகர மையத்தில் தெருவில் இறங்கிவிடும். அங்கே ஓட்டுநர் கண்ணால் பார்த்து, சந்திப்புகளில் நின்று போக வேண்டும்.

ஒரே பெயரில் இவ்வளவு வேறுபட்ட இரண்டு அமைப்புகள்! வேகம், செலவு, விபத்து வாய்ப்பு எல்லாவற்றையும் தீர்மானிப்பது, தடம் தனியாக இருக்கிறதா சாலையைப் பகிர்கிறதா என்பதே. ஆகவே 'தனித்தட இலகு ரயில்', 'தெருத்தட இலகு ரயில்' என்று அடைமொழி சேர்க்கலாம் என்பது என் முன்மொழிவு. மான்செஸ்டர் போன்றவற்றுக்குக் 'கலப்புத்தடம்'. திட்ட அறிக்கையைப் படிக்கும் சாதாரண வாசகருக்கும், தன் தெருவில் தண்டவாளம் வருமா வராதா என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். அது அவருக்குத் தெரிந்தாக வேண்டிய செய்தி.

'டிராம்' என்ற சொல்லைத் தொட வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொன்று பாக்கி. சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடாதபடி பாலமோ சுரங்கமோ அமைத்துப் பிரிப்பதற்குச் சொல் தேவை. 'மட்டப் பிரிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். கட்டுமானத் துறையில் 'மட்டம்' ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குவதால் இடறுமா? அத்துறை நண்பர்கள் சொல்லுங்கள்.