கோப்பைக்குப் பெயர்த் தகடு வெட்டத் தெரிஞ்சவங்க கை கொடுங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஈரோட்டுல சின்னதா கோப்பைக் கடை வச்சிருக்கேன். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு 300 கோப்பை ஆர்டர். ஒவ்வொண்ணுக்கும் 75க்கு 25 மி.மீ. பெயர்த் தகடு வேணும்.

இதுவரை வெட்டின தகடாவே வாங்கினேன். இந்தத் தடவை காசு மிச்சம்னு 0.5 மி.மீ. சப்ளிமேஷன் அலுமினிய ஷீட் (சூடு காட்டி அச்சு ஏத்தறதுக்கு ஒரு பக்கம் வெள்ளைக் கோட்டிங் போட்டது), 300க்கு 600 மி.மீ. அளவுல நாலு எடுத்தேன். ஒண்ணுல 96 தகடு, கணக்கு என்னவோ அழகாத்தான் இருக்கு!

தகரக் கத்தரியில வெட்டினா தகடு சுருண்டுக்குது, ஓரத்துல வெள்ளைக் கோட்டிங் செதில் செதிலா உரியுது. உரிஞ்ச இடத்துல அச்சு ஏறாது, பல்லிளிக்குது.

தெரிஞ்ச பட்டறையில கால்ல மிதிக்கிற ஷியரிங் மெஷின்ல போட்டுப் பார்த்தேன். கோட்டிங் மேல பார்க்க வச்சா, மேசையில நிக்கிற துண்டுக்குப் பிசிறு அடியில போகுது, பரவாயில்ல. ஆனா வெட்டிக் கீழ விழற துண்டுக்கு அச்சு வர்ற பக்கமே பிசிறு. நமக்கு வேண்டியது அந்தத் துண்டுதானே! அங்க கனமான தகரம் வெட்டறதால மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் நடுவுல இடைவெளியும் அதிகம்னு நினைக்கிறேன்.

கோட்டிங் மேல ஒட்டி வர்ற பாதுகாப்புப் படலத்தை உரிக்காம, கோட்டிங்கைக் கீழ பார்க்கப் போட்டு வெட்டினவங்க இருக்கீங்களா? கீறல் விழுதா? 0.5 மி.மீ.க்கு பிளேடு இடைவெளி எவ்வளவு வைக்கிறீங்க? மூலை உருட்ட எந்தக் கருவி நல்லா இருக்கு?

லேசர்ல வெட்டச் சொல்லாதீங்க, என்கிட்ட இருக்கறது அக்ரிலிக் வெட்டற கார்பன் டை ஆக்சைடு லேசர். அலுமினியத்துக்கு அது ஆகாது.