மல்லாட்டை (நிலக்கடலை) ரக ஒப்பீடு: 4 சராசரி, அனோவாவில் (பல சராசரிகளைச் சேர்த்து ஒப்பிடும் சோதனை) எஃப் 3.0 தான் வருது

செம்மண்காடு (கேள்வி)
விருத்தாசலம் பக்கம் 4 மல்லாட்டை ரகம், 5 ரெப்ளிகேஷன் (ஒவ்வொன்றிலும் 4 ரகமும் ஒரு தடவை), 20 பாத்தி. ஒவ்வொரு ரெப்ளிகேஷனிலும் 4 ரகத்துக்கும் சீட்டுக் குலுக்கி இடம் போட்டது. நிலம் மேற்கே மேடு, கிழக்கே ஓடைப் பக்கம் சரிவு. காய் மகசூல் சராசரி, எக்டேருக்கு கிலோவில்: அ 2020, ஆ 1960, இ 1840, ஈ 1780.

எக்செலில் 'அனோவா: சிங்கிள் ஃபேக்டர்' போட்டேன். ரகம் எஸ்.எஸ். (வர்க்கக் கூட்டல்) 1,80,000 (டி.எஃப்., அதாவது சுதந்திரப் பாகை, 3), பிழை 3,20,000 (டி.எஃப். 16), எஃப் (ரெண்டையும் அதது டி.எஃப்.ஆல் வகுத்தபின் வரும் விகிதம்) 3.0. அட்டவணை மதிப்பு 3.24, அதைத் தாண்டினாத்தான் வித்தியாசம் தேறும். ஆனா அ, ஈ ரெண்டுக்கு மட்டும் டி-டெஸ்ட் போட்டா வித்தியாசம் வருது. எதை எடுத்துக்கறது? பாத்திக்கு 10 செடி தனியாவும் எடை போட்டிருக்கு. 200 எண்ணையும் உள்ளே விடலாமா?

பாத்திவரப்பு
டி-டெஸ்டை விட்டுடுங்க. 4 ரகத்துக்கு 6 ஜோடி. ஒவ்வொன்றையும் 5% அளவில் பார்த்தா, வித்தியாசமே இல்லாத இடத்திலும் ஒன்றாவது தப்பாகத் தேறும் வாய்ப்பு 26% வரை போகும். அதுவும் பெரியதையும் சின்னதையும் பொறுக்கி எடுத்துச் சோதிப்பது இன்னும் மோசம்.

உங்க சிக்கல் வேற. குலுக்கல் ரெப்ளிகேஷனுக்குள்ளேயே நடந்திருக்கு, அதனால இது ஆர்.பி.டி. (பிளாக்குக்குள் குலுக்கும் அமைப்பு, உங்க ஒவ்வொரு ரெப்ளிகேஷனும் ஒரு பிளாக்). நீங்க போட்டது சி.ஆர்.டி. (வயல் முழுக்கச் சேர்த்துக் குலுக்கும் அமைப்பு) கணக்கு. மேட்டுப் பாத்திக்கும் ஓடைப் பாத்திக்கும் உள்ள ஈர வித்தியாசம் மொத்தமும் பிழைக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. புள்ளியியலாளர் ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிளாக் முறையைக் கொண்டுவந்ததே வயலின் இந்த ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுக்கத்தான்.

வரிசையில் ரகம், பத்தியில் பிளாக் வைத்து 'டூ-ஃபேக்டர் விதவுட் ரெப்ளிகேஷன்' எடுங்க. ரெப்ளிகேஷன் இருக்கேன்னு 'வித்' பக்கம் போகாதீங்க. ஒரு கட்டத்துக்கு ஒரே எண்தான் உங்ககிட்ட இருக்கு. 'ரோஸ்' வரி எஃப்-ஐப் படிக்கணும். ஆர் மென்பொருளில் போடுறவங்க பிளாக்கை ஃபேக்டராக (எண்ணாக இல்லாம வகையாக) மாற்றணும். 1 முதல் 5 வரை எண்ணாகவே விட்டா பிளாக்குக்கு டி.எஃப். 4க்குப் பதில் 1 வரும்.

விதைநேர்த்தி
200 எண்ணை விடவே கூடாது. ரகம் ஒதுக்கப்பட்டது பாத்திக்கு, செடிக்கு இல்லை. ஒரே பாத்திச் செடிகள் ஒரே மண்ணையும் தண்ணியையும் பகிர்ந்தவை. பிழை டி.எஃப். செயற்கையா ஏறும், இல்லாத வித்தியாசமெல்லாம் தேறும். 10 செடிக்கும் சராசரி எடுத்துப் பாத்திக்கு ஒரே எண் வையுங்க. ஓர வரிசையைத் தவிர்த்திருக்கணும், காயை ஒரே ஈரப்பதத்துக்குக் காயவைத்து எடை போட்டிருக்கணும்.

செம்மண்காடு
போட்டுட்டேன். பிளாக் 2,24,000 (4), பிழை 96,000 (12). எஃப் 7.5. நன்றிங்க. இனி எது எதைவிட மேல்னு எப்படிச் சொல்றது?

பாத்திவரப்பு
அட்டவணை மதிப்பு இப்ப 3.49, 7.5 தாராளமாத் தாண்டுது. பிழை எம்.எஸ். (எஸ்.எஸ். ÷ டி.எஃப்.) 20,000-லிருந்து 8,000 ஆயிருக்கு பாருங்க, சரிவு அவ்வளவு விழுங்கியிருக்கு. பொதுச் சராசரி 1900-க்கு சி.வி. (பிழை எம்.எஸ்.-இன் வர்க்கமூலம் சராசரியில் எத்தனை சதவீதம்) 4.7%, வயல் சோதனைக்கு நல்ல அளவு.

சி.டி. (ரெண்டு ரகம் வேறுன்னு சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம்) = 2.179 (டி அட்டவணை மதிப்பு) × √(2 × 8000 ÷ 5) = 123 கிலோ. எல்லா ஜோடியையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் டுக்கி முறை இன்னும் கறார்: 4.20 × √(8000 ÷ 5) = 168. ரெண்டிலும் ஒரே முடிவு (ஒரே எழுத்தைப் பகிரும் ரகங்களுக்குள் வித்தியாசம் தேறலை): அ - a, ஆ - ab, இ - bc, ஈ - c. ஆ-வுக்கும் இ-க்கும் 120 கிலோ, சி.டி.க்கு 3 கிலோ கம்மி. அதைத் தேறவைக்க முறையை மாற்றிப் பார்க்காதீங்க. அ-வும் ஆ-வும் ஒரே குழுன்னே எழுதுங்க. 'அ தான் முதலிடம்'னு எழுத இந்த 20 பாத்தி போதாது.