புதுப்பிப்பு: குப்பையில் கிடைத்த மேசை மின்விசிறி சுற்றுகிறது

உதவிய எல்லோருக்கும் நன்றி. குப்பைத்தொட்டி ஓரம் கிடந்த மின்விசிறியை எடுத்து வந்தேன். உறுமுகிறது, கையால் தள்ளினால்தான் சுற்றுகிறது, என்ன கோளாறு என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். மோட்டார் போய்விட்டது என்றவர்களே அதிகம். கெப்பாசிட்டரை (மோட்டார் கிளம்ப உதவும் சிறு மின்தேக்கி) மாற்றச் சொன்னவரின் கணிப்புதான் பலித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். பழையது வயிறு உப்பியிருந்தது. அதன்மேல் அச்சிட்டிருந்த அதே 1.5 மைக்ரோஃபாரட் (மின்தேக்கும் திறனின் அளவு), அதே வோல்ட் அளவில் புதியதைப் பொருத்தியதும் தானாகவே கிளம்பியது. நல்ல செம்புச் சுருளோடு இதை எறிய எப்படித்தான் மனம் வந்ததோ!

எதிர்பாராதது ஒன்று: வேகம் மட்டும் வரவில்லை. இறக்கையைக் கழற்றினால், தண்டைச் சுற்றித் தலைமுடி கயிறாக இறுகிக் கிடந்தது. ஊசியால் கிண்டி எடுத்து, தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷில் இரண்டு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விட்டேன். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். நான்கு நாளாக இரவு முழுவதும் ஓடுகிறது, மோட்டார் சூடாகவில்லை.